எடுக்காத மூன்று அழைப்புகள்

செய்தி வந்தபோது நான் ஒரு கைபேசியின் முதுகைத் திறந்து வைத்திருந்தேன். காலை பத்தரை மணி. திருத்தணி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் நான் வேலை பார்க்கும் ரிப்பேர் கடை. ஆட்டோ ஸ்டாண்டு பாபு கூப்பிட்டான்.

"டேய் மோகன், தேசப்பண்ணன் பூட்டாருடா."

"எங்க?" என்று கேட்டேன். பாபு அழுதான். அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

ரயில் நிலைய வாசலில் சவாரியை இறக்கியிருக்கிறார். யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் வண்டியை ஓரம் கட்டியிருக்கிறார். இன்ஜினை அணைத்துவிட்டு ஹேண்டில்பார் மேல் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்றார்கள். வயது நாற்பத்தெட்டு.

உங்களில் பலர் அவருடைய ஷேர் ஆட்டோவில் ஏறியிருப்பீர்கள். ஏறாதவர்கள் அதன் பின்னால் போயிருப்பீர்கள். ரயில் நிலையம், பேருந்து நிலையம், மலையடிவாரம் என்று நாள் முழுக்கச் சுற்றும் வண்டி. மற்ற டிரைவர்கள் வண்டியின் பின்புறத்தில் நடிகர் படம் ஒட்டுவார்கள், பிள்ளைகள் பெயரை எழுதுவார்கள். தேசப்பன் அண்ணன் அங்கே கறுப்புப் பெயிண்ட் அடித்து வைத்திருந்தார். காலையில் சாக்பீஸால் அதில் ஒரு கேள்வி எழுதுவார். சில நாள் பஞ்சாயத்துக்கு, சில நாள் கோட்டைக்கு, சில நாள் டெல்லிக்கு. மழையில் அழிந்தால் மழை விட்டதும் மறுபடி எழுதுவார்.

அவரைக் கிடத்தியிருந்த தெருவில், பந்தலுக்கு வெளியே, பூக்கடைக்காரர் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். "நல்ல மனுசன்பா. ஆனா அந்த போனு விஷயத்துல கோட்ட வுட்டாரு. வந்த போன எடுத்திருந்தா அந்தப் பையன் காது போயிருக்காது." சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். நானும் அங்கேதான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

அது உண்மை இல்லை. அன்று அது எனக்கு மட்டும்தான் தெரியும். பதினாறாம் நாளுக்கு ஸ்டாண்டுக்காரர்கள் போடும் நினைவு மலருக்காக ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். நான் எழுதுவது பூக்கடைக்காரர் சொன்ன அந்த வார்த்தையை அவர் மேலிருந்து எடுப்பதற்காக. ஒரு பக்கம் போதாது. மன்னிக்கவும்.

நான் என்ஜினியரிங்கை இரண்டாம் ஆண்டில் விட்டவன். அதற்கு ஆயிரம் காரணம் சொல்வேன், எதுவும் நல்ல காரணம் இல்லை. ஊரில் சும்மா சுற்றிக்கொண்டிருந்த நாளில்தான் அந்த வண்டியின் பின்புறத்தைப் படித்தேன். ஒரு சிறு பாலத்தின் வேலை பாதியில் நின்று எத்தனை நாள் ஆகிறது என்று எழுதியிருந்தது. கீழே, "ஏன்?" அவ்வளவுதான். அண்ணன் ஒரு அரசு அலுவலகத்தின் எதிரே வண்டியை நிறுத்தி டீ குடித்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது.

"ண்ணா, இத யாரு படிப்பா? வீடியோ போடுங்க, லட்சம் பேரு பாப்பான்."

"லட்சம் பேர்ல இந்தப் பாலத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவரு எத்தினி பேரு?"

"ஒருத்தரு இருப்பாரு."

"ஆங். அந்த ஒருத்தரு இந்தக் கட்டடத்துக்குள்ள கீறாரு. டீ குடிக்க வெளிய வந்தாவணும். வந்தா படிச்சாவணும்."

அந்த அதிகாரி வெளியே வந்தார். படித்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு டீ குடித்தார். ஒரு மாதம் கழித்து, வேலை எதனால் நின்றது, எப்போது தொடங்கும் என்று அண்ணன் போட்டிருந்த மனுவுக்குப் பதில் வந்தது. அதையும் அண்ணன் அதே இடத்தில் எழுதினார். கடைசி வரியில் "பதில் சொன்னதற்கு நன்றி" என்று வேறு. எனக்குக் கோபம் வந்தது. வேலையை நிறுத்தி வைத்தவனுக்கு நன்றியா என்று கேட்டேன்.

"பதில் வந்தா எழுதறேன்னு நெனச்சாத்தான் அடுத்தவாட்டியும் பதில் போடுவாங்க. திட்றதுக்கு மட்டும்தான் இந்த வண்டின்னா, நானே படிக்க மாட்டேன்."

எனக்கும் அவருக்கும் அன்றிலிருந்தே சண்டைதான். அவர் மெதுவான ஆள். நான் அவசரக்காரன். அவர் மனுவை மூன்று முறை எழுதிப் பார்ப்பார். நான் அதற்குள் கைபேசியில் மூன்று வீடியோ போட்டிருப்பேன். கேள்வியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சிக்னலையும் மறந்துவிடுவார். பின்னால் இருக்கும் அம்மாக்கள் கத்துவார்கள்: "டெல்லிய அப்புறம் கேளு நைனா, மொதல்ல ரயில பிடிச்சுக் குடு!"

வெளிநாட்டு விவகாரம் எல்லாம் ஆட்டோக்காரனுக்கு எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. தூரத்து நாடு ஒன்று நம் துணிக்கு வரியை ஏற்றியபோது, "வரி போட்டது அவர்கள். நம் சார்பில் பேசப் போனது யார்? என்ன பேசினார்கள்?" என்று எழுதினார். ஸ்டாண்டுக்கு எதிரே கட்சிக் கொடிக்கம்பத்தடியில் எப்போதும் நிற்கும் ஒரு வட்டச் செயலாளர் அதைப் படித்துவிட்டுக் குரல் கொடுத்தார்.

"இன்னா தேசப்பா, ஆட்டோ ஐ.நா. சபைக்குப் போவுமா?"

"ஆள் சேந்தா போவும் தலைவரே. ரெண்டு சீட்டு காலி. ஏறுங்க."

ஸ்டாண்டே சிரித்தது. தலைவரும் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் அண்ணன் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "அம்மையார்குப்பத்துல எங்க அக்கா வூட்ல நாலு தறி நின்னு போச்சு. நிறுத்தினவன் எந்த நாட்டுல கீறான்னே அக்காவுக்குத் தெரியாது. அந்த நாட்டோட பேசத்தான நாம ஓட்டுப் போட்டு ஆள் அனுப்பிக்கீறோம்? அவர கேக்காம நான் யார கேப்பேன்?"

ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் ஆந்திராவிலிருந்து காவடி எடுத்து வருகிறவர்கள் பின்புறத்தைக் காட்டி என்ன எழுதியிருக்கிறது என்று தெலுங்கில் கேட்பார்கள். அண்ணன் தெலுங்கிலேயே விளக்குவார். நகரி பக்கத்து விசைத்தறிக்காரர் ஒருவர் கேட்டுவிட்டு, தன் ஊரிலும் அதே கதைதான் என்று சொல்லி, காவடியைத் தோளில் வைத்துக்கொண்டே பத்து நிமிடம் அவரோடு பேசிக்கொண்டிருந்தார்.

இனி அந்தப் போன் விஷயம்.

இரண்டு வருடத்துக்கு முன்பு அம்மையார்குப்பம் கஸ்தூரி டிஸ்பிளே போன கைபேசியோடு என் கடைக்கு வந்தார். தறி ஓட்டிக்கொண்டிருந்த அவர் கணவர் சதீஷ், மேற்கே ஒரு நாட்டில் கிடங்கு வேலைக்குப் போயிருந்தார். அங்கே போர் மூண்டு, விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். நம் தூதரகம் பேருந்து வைத்து ஆட்களைப் பக்கத்து நாட்டு எல்லைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து விமானம் ஏற்றுகிறது என்று டி.வி.யில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சதீஷின் பாஸ்போர்ட் கம்பெனி கையில். கம்பெனி மேனேஜர் ஓடிவிட்டான். இத்தனையும் சதீஷ் அனுப்பிய கடைசிச் செய்தியில் இருந்தது.

"டிஸ்பிளே மெதுவா போடுங்க. அதுல எதுனா வந்துக்குதான்னு மட்டும் பாத்து சொல்லுங்க" என்றார் கஸ்தூரி.

நான்தான் அவரை அண்ணனிடம் அழைத்துப் போனேன். விவரத்தைக் கேட்டுக்கொண்டு அவரை ஊருக்கு அனுப்பிவிட்டு, அண்ணன் தூதரகத்துக்கும் அமைச்சகத்துக்கும் மனு எழுதினார். தொடர்பு எண் என்ற இடத்தில் பேனா நின்றது. கஸ்தூரியின் கைபேசி என் கடையில் பிரிந்து கிடந்தது.

"என் நம்பரப் போடுங்கண்ணா. நான் எந்நேரமும் போனும் கையுமாத்தான கீறேன்" என்றேன்.

போட்டார். வண்டியில் இப்படி எழுதினார்: "கஸ்தூரி கேட்கிறார்: என் கணவர் பெயர் பேருந்துப் பட்டியலில் இருக்கிறதா?"

இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. அண்ணன் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் அந்தக் கேள்வியை அழித்துவிட்டு, "தூதரகம் நெசவாளியைக் கைவிட்டது" என்று எழுதினேன். அதன் முன்னால் நின்று வீடியோ எடுத்துப் போட்டேன். ஏழை என்பதால் பட்டியலில் சேர்க்கவில்லை என்றேன். எனக்கு அப்படி எதுவும் தெரியாது. அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன், சொல்லிவிட்டேன்.

அண்ணன் வந்து பார்த்தார். அழிக்கத் துணியை எடுத்தார். கஸ்தூரிதான் தடுத்தார். "இருக்கட்டும்ணா. இதப் பாத்துட்டாவது எவனாவது அசையட்டும்." அண்ணன் துணியைக் கீழே போட்டார். அவர் செய்த தப்பு என்றால் அது ஒன்றுதான்.

வீடியோ பரவியது. என் எண்ணை எங்கிருந்தோ பிடித்து, தெரிந்த மொழியிலும் தெரியாத மொழியிலும் ஆட்கள் கூப்பிட்டுத் திட்டினார்கள். தேசத்துரோகி என்றார்கள். அன்று மாலையே, தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் ஒலிக்காதபடி கைபேசியில் மாற்றி வைத்தேன். தொழில்காரன் இல்லையா, இரண்டு நொடி வேலை. அந்த மனுவில் இருப்பதும் இதே எண்தான் என்பது என் புத்தியில் ஏறவே இல்லை.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் நாள். அண்ணன் கஸ்தூரியை அழைத்துக்கொண்டு போனார். மனுவைப் பார்த்த அலுவலர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டியிருக்கிறார். தூதரகத்திலிருந்து மூன்று முறை அழைத்திருக்கிறார்கள். பாஸ்போர்ட் இல்லாதவருக்கு அவசரப் பயணச் சான்றிதழ் கொடுக்கப் பழைய பாஸ்போர்ட்டின் நகல் வேண்டும். அதைக் கேட்கத்தான் அழைத்திருக்கிறார்கள். யாரும் எடுக்கவில்லை. முதல் பேருந்து சதீஷ் இல்லாமல் போய்விட்டது. நகல் கஸ்தூரியின் கைப்பையிலேயே இருந்தது. அங்கேயே வாங்கி அனுப்பினார்கள்.

வெளியே வந்ததும் கஸ்தூரி கேட்டிருக்கிறார். "அது யாரு நம்பர்ணா?"

"நாங்க குடுத்த நம்பரும்மா. எடுக்காம வுட்டுட்டோம்."

மனு அண்ணன் கையெழுத்தில் இருந்தது. எண்ணும் அவருடையது என்று கஸ்தூரி நினைத்துக்கொண்டார். ஊரும் அப்படியே நினைத்தது.

அண்ணன் நேராக என் கடைக்கு வந்தார். "போனக் குடு" என்றார். தள்ளித் தள்ளிப் பார்த்தார். திட்டியவர்களின் எண்களுக்கு நடுவே அந்த மூன்றும் இருந்தன. ஒரே எண். கைபேசியை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ண்ணா, யாருக்கும் தெரிய வேணாம். நகல்தான் போயிடுச்சில்ல? அடுத்த பஸ்ல வந்துடுவாரு."

"எழுதணும்டா."

"எழுதினா எல்லாரும் சிரிப்பான். இனிமே நம்ம கேள்விய எவன் மதிப்பான்?"

"மத்தவங்க தப்ப வண்டில எழுதிகினு போறேன். நம்ம தப்ப எங்க எழுதறது? டைரிலயா?"

நான் அழுதேன். காலேஜை விட்டபோதே எங்கள் வீட்டில் யாரும் தலை நிமிர்ந்து நடக்கவில்லை, இது தெரிந்தால் என் அம்மா செத்துப்போவாள் என்றேன். அம்மாவை இழுத்தது தந்திரம். அவருக்கும் அது தெரிந்திருக்கும்.

"சரி. நாங்கன்னு எழுதறேன். உன் பேர எழுத மாட்டேன். அத நீயேதான் போய் சொல்லணும். நான் கேக்க மாட்டேன்."

மறுநாள் காலை வண்டியின் பின்புறத்தில் இருந்தது இதுதான்: "தூதரகம் கைவிட்டது என்று எழுதியது தவறு. அவர்கள் மூன்று முறை அழைத்தார்கள். நாங்கள் எடுக்கவில்லை." நான் எழுதிய அதே அளவு எழுத்து. ஆறு நாள் அவர்கள் மேல் பழி நின்றதால் இதுவும் ஆறு நாள் நிற்கும் என்று ஸ்டாண்டில் சொன்னார். நின்றது.

அந்த ஆறு நாளும் யார் யாரோ அவர் எண்ணுக்கு ரிங் விட்டுக் கத்தினார்கள், "தேசப்பா, போன் அடிக்குது, எடு!" என்று. வட்டச் செயலாளர், "டெல்லிய கேக்கறதுக்கு முன்னாடி ரிங்டோன சத்தமா வெய்யி" என்றார். "வெச்சிட்டேன் தலைவரே" என்றார் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஏழாம் நாள் புதுக் கேள்வி எழுதினார். "ஆள் போன உடனே பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொள்ளும் கம்பெனிக்கு, இங்கிருந்து ஆள் அனுப்ப அனுமதித்தது யார்?" எந்த முகத்தோடு கேட்கிறீர்கள் என்று எனக்கே தோன்றியது, கேட்டும் விட்டேன்.

"நம்ம தப்ப ஒத்துக்கினா அவங்க தப்பு கொறஞ்சுடுமா? அது வேற, இது வேற" என்றார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை பதில் வரவில்லை.

சதீஷ் அடுத்த பேருந்தில் வந்தார். ஆனால் முதல் பேருந்துக்கும் அதற்கும் நடுவே பதினொரு நாள். அந்த நாட்களில் அவர்கள் ஒதுங்கியிருந்த கட்டடத்துக்குப் பக்கத்தில் குண்டு விழுந்தது. வலது காது போய்விட்டது. ரயிலில் வந்து இறங்கியவர்களை அண்ணன்தான் வீடுவரை கொண்டுபோய் விட்டார். வழி முழுக்கக் கஸ்தூரி அவரோடு பேசவில்லை. எனக்குத் தாங்கவில்லை, அண்ணனிடமே புலம்பினேன்.

"கோவம் இருக்கத்தான் செய்யும். யார் மேலயாவது காட்டணும்ல" என்றார். இரண்டு வருடம் தினமும் என்னோடு டீ குடித்தார். ஒரு நாளும் கேட்கவில்லை. நானும் போய்ச் சொல்லவில்லை. முதலில் பயம். அப்புறம் பழகிவிட்டது.

அவரை எடுத்த மூன்றாம் நாள் அம்மையார்குப்பம் போனேன். சதீஷ் விசைத்தறியில் நின்றிருந்தார். நான் சொல்ல ஆரம்பித்ததும் சுவிட்சை அணைத்துவிட்டு, "இந்தப் பக்கம் வந்து சொல்லு, அது கேக்காது" என்று இடது காதைத் தொட்டுக் காட்டினார். சுற்றிப் போய் முதலிலிருந்து மறுபடி சொன்னேன். அந்த எண் என்னுடையது. ஒலிக்காமல் வைத்தது நான். வண்டியில் கைவிட்டது என்று எழுதியதும் நான்.

சதீஷ் அறுந்த நூலைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போட்டார். "தறிச் சத்தம் இப்ப பாதிதான் கேக்குது. அது ஒண்ணு லாபம்" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

கஸ்தூரிதான் பேசினார். "கருமாதிக்கு முன்னாடியே வந்துட்டியே, பெரிய மனசுதான். ரெண்டு வருஷமா அந்த மனுசன் எதுருல வந்தா மூஞ்சியத் திருப்பிகினு போனேன். சாவுக்குக்கூட வரல. என்ன அப்படி ஆக்கிட்டியே நீ." அப்புறம், "அவங்க வூட்டம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

தெரிந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். வீட்டிலாவது சொல்லியிருப்பார் இல்லையா?

சொல்லவில்லை. லோகம்மா அண்ணி நான் சொல்லி முடிக்கும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கேட்டார்.

"வண்டில அத எழுதின அன்னிக்கி ராத்திரி நான் அவர இன்னா கேட்டேன் தெரியுமா? ஊரு ஒலகத்தையே கேள்வி கேக்கறியே, வந்த போன எடுக்கத் துப்பில்லையான்னு கேட்டேன். புள்ளைங்க எதுருல கேட்டேன்."

"அண்ணன் இன்னா சொன்னாரு?"

"இன்னா சொல்வாரு. தட்டப் பாத்துகினு சாப்ட்டாரு. இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்துன்னாரு."

நான் எழுந்தேன். என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருக்கலாம்.

"மலருக்கு எழுதறியாமே. ஒண்ணு வுடாம எழுது" என்றார். வாசல்வரை வந்துவிட்டேன். பின்னாலிருந்து மறுபடி கூப்பிட்டார். "நான் கேட்டதையும் எழுது."

எழுதிவிட்டேன், அண்ணி.

வண்டியை இப்போது அவருடைய மைத்துனர் ஓட்டுகிறார். பின்புறத்தில் என்ன எழுதுவது என்று ஸ்டாண்டில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நான் இப்போது எந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தாலும் எடுக்கிறேன். அதைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

தாசில்தாரைக் கேட்டார், மந்திரியைக் கேட்டார், டெல்லியைக் கேட்டார். தினமும் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்த என்னை மட்டும் கேட்காமல் விட்டார். நானாக வருவேன் என்று நம்பினார். இரண்டு வருடம் அந்த நம்பிக்கையின் மேல் உட்கார்ந்திருந்தேன். நான் பதில் சொல்ல அவர் சாக வேண்டியிருந்தது. தேசப்பன் அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, "போய்ச் சொன்னியா?" என்று அவர் கேட்காமல் விட்ட அந்த ஒரு கேள்வியைத்தான். வேறு எதை எடுத்துக்கொள்ளவும் எனக்கு உரிமை இல்லை.